புதுமாப்பிள்ளை வீட்டுத் தகரச் சத்தம்

மூன்று தலைமுறையாக நாங்கள் திராட்சைத் தரகர்கள். பொய்யைப் பொட்டலம் கட்டி விற்ற குடும்பம். அதனால் பொய்யின் எடை எனக்கு நன்றாகத் தெரியும். இது பொய் இல்லை. 1974, ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு நாற்பதுக்குத் தொடங்கியது.

எங்கள் ஊர் ஹோஃப்டால், தெற்கு ஆஸ்திரேலியாவில், ஜெர்மன்காரர்கள் வந்து திராட்சைக் கொடி நட்ட ஊர். தாத்தா நட்ட கொடியைக்கூடப் பிடுங்கிப் போடுவார்கள்; தாத்தா போட்ட சண்டையை மட்டும் விடமாட்டார்கள். இங்கே ஒருவன் கல்யாணம் செய்தால், ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு நாள், இருட்டியதும் ஊர் திரண்டு வந்து அவன் வீட்டைச் சுற்றித் தகரம் தட்டும். மண்ணெண்ணெய் டின், உடைந்த கலப்பையின் இரும்புத் தட்டு, கையில் கிடைத்தது எல்லாம். மாப்பிள்ளை வாசலில் ஒயின் ஊற்றி வைத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மூன்று தடவை, "வாங்க, வீடு உங்களோடது" என்று சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும். ஊர் வந்து தட்டினால் பெண்ணை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். வராவிட்டால், இல்லை.

என் மனைவி லோரெடானா இத்தாலிக்காரி. கத்தோலிக்கப் பெண் வேறு. அவள் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் எல்லோரும் ஜெர்மன் பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

"இந்த மாசத்துக்குள்ள வரலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், ரைனி. விளையாட்டுக்குச் சொல்லல" என்றாள்.

நான் தினமும் ஒன்பது கிளாஸ் ஊற்றி வாசலில் வைத்தேன். தினமும் காலையில் நானே குடித்தேன். இருபத்தாறு நாள்.

வீடு, கொடித்தோட்டத்தின் கோடியில் இருந்த ஸெம்லர் வீடு. கல் கட்டடம். ரொம்ப காலமாகப் பூட்டிக் கிடந்தது. சல்லிசாகக் கிடைத்தது. ஏன் சல்லிசு என்று கேட்காமல் நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

இருபத்தேழாம் நாள். ஆறு நாற்பது.

டங்... டங்... டங்...

லோரெடானா சூப்புக் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "வந்துட்டாங்க! ரைனி, வந்துட்டாங்க!" கண்ணில் தண்ணீர். தலை வாரிக்கொள்ள ஓடினாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆறு ஐம்பது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. தகரம் தட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். கெட்ட பாட்டுப் பாடுவார்கள். குழந்தைகள் கத்தும். இங்கே தகரம் மட்டும்தான். ஒரு சிரிப்பில்லை. ஓர் இருமல்கூட இல்லை.

எங்கள் நாய் குரைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு விரிசல் விட்ட கலப்பைத் தட்டு. ஒரு அடிக்கு இரண்டு ஒலி. டங்...ஙீ. டங்...ஙீ. வீட்டைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சுவருக்கு இன்னும் கிட்டத்தில்.

ஏழு ஐந்து. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காதைப் பொத்திக்கொண்டேன்.

லோரெடானா சீப்போடு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"ஏன் நிப்பாட்டிட்டாங்க?"

டங்...ஙீ. டங்...ஙீ.

"உனக்குக் கேக்கல?"

"என்னது? சத்தமாச் சொல்லு."

நான் கதவருகே போனேன்.

"வாங்க, வீடு உங்களோடது."

டங்...ஙீ.

"வாங்க, வீடு உங்களோடது."

கதவுக்கு நேர் அந்தப்பக்கம்... டங்.

மூன்றாவது தடவையும் சொன்னேன். வழக்கம் அப்படி. திறந்தேன்.

யாரும் இல்லை.

சத்தமும் இல்லை.

முந்தின நாள் மழை. களிமண்ணில் ஒரு கால் தடம் இல்லை. ஒன்பது கிளாஸும் கவிழ்ந்திருந்தன... கீழே ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை.

"குடிச்சிட்டு ஓடிட்டாங்க, போக்கிரிப் பசங்க!" என்று லோரெடானா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாளும் அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. வியாழக்கிழமை டாக்டர் இரண்டு காதிலிருந்தும் மஞ்சளாகக் கெட்டியாக ஏதோ எடுத்தார். "காது அழுக்கில்லம்மா இது. மெழுகுவர்த்தி மெழுகு" என்றார். "எங்க வீட்டுல மெழுகுவர்த்தியே கிடையாதே" என்றாள் அவள். ஒரு துண்டைத் தீப்பெட்டியில் போட்டு என் பையில் வைத்துக்கொண்டேன்.

தகரம் தட்டப் போகிறவர்களுக்குத் தலைவன் எர்வின். பீப்பாய் செய்கிறவன். வெள்ளிக்கிழமை பகல், நன்றி சொல்ல ஒரு பாட்டிலோடு அவன் பட்டறைக்குப் போனேன்.

அவன் பாட்டிலைத் தொடவில்லை. "எதுக்கு மாப்ளே நன்றி? நாங்க வரவே இல்ல. வர்றதாவும் இல்ல. உன் இத்தாலிக்காரிக்குத் தகரம் தட்ட ஊர்ல வேற வேலை இல்லையா?"

"அப்ப அந்த விரிசல் கலப்பைத் தட்டு யாருது? ஒரு அடிக்கு ரெண்டு சத்தம்..."

எர்வின் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"உன் பொண்டாட்டிக்கு... காது கேக்குதா?"

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அது எங்கப்பா தட்டு" என்றான். "1917. உலகப் போர் நேரம், ஜெர்மன்காரங்களப் பிடிச்சு அடைச்ச காலம். ஸெம்லர் ஒரு வெளியூர்க்காரியக் கட்டிக்கிட்டான். அவதான் நம்மாளுங்களப் பத்தி போலீசுக்கு எழுதிப்போட்டான்னு பேச்சு. ஊரே போய்த் தட்டுச்சு. ஒயினுக்கு இல்ல. மூணு நாள், ராப்பகலா. அவங்க திறக்கல. நாலாம் நாள் ஊர்தான் கதவை உடைச்சுது. ரெண்டு பேரும் கதவுக்குப் பின்னால உக்காந்தபடியே... எப்படிச் செத்தாங்கன்னு டாக்டருக்கே தெரியல. அவ காது ரெண்டுலயும் மெழுகு. அவன்தான் அடைச்சிருக்கான். கட்டைவிரலால அழுத்தின ரேகை அப்படியே இருந்துச்சாம்."

பிறகு மெதுவாகக் கேட்டான். "நீ கதவத் திறக்கலயே?"

தீப்பெட்டியை எடுத்து வெயிலில் திறந்தேன். மெழுகின் தட்டையான பக்கத்தில் ரேகை தெளிவாக இருந்தது. பெரிய கட்டைவிரல். என் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதில் பாதிகூட இல்லை.

அன்றைக்கே வீட்டைக் காலி செய்தோம். கூரை ஒழுகுகிறது என்று சொன்னேன். லோரெடானா அம்மா வீட்டுக்குப் போகவில்லை. இன்றும் இதே ஊரில், என்னோடுதான் இருக்கிறாள். ரொட்டிக் கடையில் யார் முகத்தைத் திருப்பினாலும் அவள் கவலைப்படுவதில்லை.

"சும்மா வீம்பு பண்றாங்க, ரைனி" என்பாள். "அன்னிக்கு வந்தாங்கள்ல?"