ஏழேகால் சதுர அடி

இது நடந்தது. அதுவும் பகலில் நடந்தது. பேய் என்றால் இருட்டு, மழை, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு வாய்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தலையைப் பிளக்கிற வெயில். என் மனைவி நித்யஸ்ரீயிடம் சொன்னபோது, வெறும் வயிற்றில் வேலை பார்த்தால் அப்படித்தான் என்று சொல்லித் தயிர்சாதம் போட்டாள். சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகும் நடந்தது நடந்ததாகவே இருந்தது.

என் பெயர் நவநீதன். ஆம்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ். கடை சின்னது, போர்டு பெரியது. நான் வீரன் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க எங்கள் வீட்டில் நித்யஸ்ரீதான் போவாள். நான் கீழே நின்று டார்ச் அடிப்பேன்.

வாணியம்பாடி போகிற வழியில் ஒரு டேனரி. பெயர் வேண்டாம். ஆட்டுத்தோல் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். அங்கே கடைசி வேலை அளவு மிஷினில். ஒரு பக்கம் தோலை விரித்து வைத்தால் உருளைகள் இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கிற சென்சார் பட்டை அதைப் பார்க்கும். 'பீப்' என்று ஒரு சத்தம். எத்தனை சதுர அடி என்று கம்ப்யூட்டர் திரையில் நம்பர் வரும். தோல் அந்தப் பக்க மேஜையில் விழும். தோலுக்கு விலையே சதுர அடிக்குத்தான் என்பதால், அந்த நம்பருக்கு இருக்கிற மரியாதை முதலாளிக்குக்கூடக் கிடையாது.

மிஷினை ஓட்டுகிறவள் பூரணி. சின்னப் பெண். அவள் அப்பா நந்தகோபால் அதே மிஷினைப் பல வருஷம் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். வேலை மகளுக்கு வந்தது. போன வருஷம் இடி இறங்கி சென்சார் பட்டை எரிந்துபோய், புதுப் பட்டை மாட்டினார்கள். அப்போதிலிருந்து இங்கே காட்டுகிற அளவு ஜாஸ்தி, வாங்குகிறவர்கள் அளந்து பார்த்தால் கம்மி. பட்டை புதுசு, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அப்படியென்றால் பொண்ணுதான் நம்பரில் கை வைக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. சனிக்கிழமை காலையில் வாங்குகிறவர்களின் ஆள் நேரில் வந்து அளந்து பார்ப்பதாக ஏற்பாடு. இந்த முறையும் ஒத்துப்போகவில்லை என்றால் பூரணி வேலைக்கு வர வேண்டாம். மேனேஜர் முனீர் அகமது இதை அவளிடம் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்.

அந்த நேரம் பார்த்து, வியாழக்கிழமை சாயங்காலம், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

பூரணி போனில் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "வேணும்னே கெடுத்துட்டேன்னு சொல்றாங்க சார்," என்றாள். "நாளைக்குள்ள எழுப்பிடுவீங்களா?"

எழுப்பிவிடுவேன் என்றேன். வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. வாட்ச்மேன் மஹபூப் பாஷா மட்டும் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்.

"வெளியே பூட்டிட்டுப் போறேன் சார். தொறந்து போட்டுட்டுப் போனா முதலாளி என்னையும் தொட்டியில போட்டு ஊற வெச்சிடுவாரு."

"தனியா இருக்கணுமா பாய்? பேய் கீய்..."

"இந்த நாத்தத்துக்குப் பேய் வராது சார்," என்று சொல்லிவிட்டு வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். கேட்டில் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

நான் முதலில் செய்த காரியம், அளவு மிஷினின் மோட்டார் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கியது. தெரியாத்தனமாக உருளையில் சட்டை மாட்டி, அடுத்த நாள் பேப்பரில் என் படம் வருவதை நான் விரும்பவில்லை. என் படம் எதுவுமே நன்றாக இருக்காது. கம்ப்யூட்டரும் சென்சாரும் தனி லைன், யுபிஎஸ்ஸில் ஓடின. மோட்டார் செத்தது. உருளையைக் கையால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்ய வந்த வேலை இதுதான். கம்ப்யூட்டரில் விண்டோசும் மிஷின் புரோகிராமும் இருக்கிற இடம் சி டிரைவ். ஆறு வருஷத்துக்கு முன்னால், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில், அந்த சி டிரைவை அப்படியே அச்சு எடுத்ததுபோல ஒரே ஃபைலாக என் போர்ட்டபிள் டிஸ்கில் எடுத்து வைத்திருந்தேன். இமேஜ் என்போம். இப்போது கெட்டுப்போன சி-யை அழித்துவிட்டு அந்தப் பழைய சி-யைத் திரும்ப வைக்க வேண்டும். வைத்தால் கம்ப்யூட்டருக்குப் புத்தி தெளிந்துவிடும். ஆனால் நடுவில் ஆறு வருஷம் போனது அதற்குத் தெரியாது. புதுப் பட்டை மாட்டியது தெரியாது. யார் செத்தார்கள் என்பதும் தெரியாது.

டிஸ்கைச் செருகினேன். பழைய இமேஜைக் காட்டி, 'ரீஸ்டோர்' அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. என் வாழ்க்கையில் எதிலுமே நான் உறுதியாக இருந்ததில்லை. 'ஆமாம்' என்றேன்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பத்து சதவீதம். பதினைந்து. தூரத்து மசூதி ஒலிபெருக்கியில் உருதுவில் பிரசங்கம். கூரைத் தகரம் வெயிலில் 'டக்... டக்' என்றது. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்தேன். நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். காரணம் இல்லாமல் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அறுபத்தொன்றில் கோடு நின்றது.

அப்போதுதான் கேட்டேன். கம்பூட்ஸ் சத்தம். ஈரத் தரையில் ரப்பர் கம்பூட்ஸ் நடக்கிற சத்தம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 'சளக்... சளக்...' ஆனால் தரை காய்ந்திருந்தது.

"பாய்?" என்றேன்.

சத்தம் நின்றது. கோடு அறுபத்திரண்டுக்கு நகர்ந்தது.

எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பூட்ஸ் போட்ட எலி.

நூறு வந்தது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. பழைய விண்டோஸின் பாட்டு, பழைய பச்சைப் புல்வெளிப் படம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவன், திரையின் மூலையைப் பார்த்தேன்.

தேதி, ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. நான் இமேஜ் எடுத்த அதே நாள்.

என் தொழில்காரர்களுக்குப் புரியும். தேதி சி டிரைவில் இருக்காது. அது கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரியின் பொறுப்பு. இமேஜைத் திரும்பப் போட்டால் தேதி மாறாது. பேட்டரி செத்திருந்தால் போர்டு செய்த வருஷத்துக்கு ஓடிவிடும். இப்படி நடுவில், சரியாக அந்த ஒரு நாளில் போய் நிற்காது.

மிஷின் புரோகிராம் தானாகத் திறந்தது. வழக்கமாக அளவு காட்டுகிற பக்கம்தான் வரும். இது வேறு பக்கம். அளவைத் திருத்துகிற பக்கம். ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு எண். பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. மேலே, மிஷின் ஓட்டுபவர் பெயர்: நந்தகோபால்.

பெயர் இமேஜில் இருந்தது, அதனால் வந்தது. அது சரி. அது நியாயம்.

ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

நான் இமேஜ் எடுத்தபோது நந்தகோபால் என் பின்னாலேயே நின்றிருந்தார். இடுப்பில் தோல் ஏப்ரன், காலில் கம்பூட்ஸ். இதில் என்னென்ன வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"எல்லாம் வரும்ண்ணே. செட்டிங்கு, புரோகிராம், உங்க பேரு... ஏன், நீங்களே வருவீங்க. என்னிக்காவது இது படுத்துட்டா, இதைப் போட்டா போதும், நீங்க எழுந்து வந்து நிப்பீங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வந்தா வேலை வாங்குவியா தம்பி?"

"டபுள் ஷிஃப்ட்."

"வர்றேன் போ. ஆனா அளவு மட்டும் தப்பா இருக்கக்கூடாது, சொல்ட்டேன்."

அந்த ஜோக்குக்கு நானும் சிரித்தேன். அன்றைக்கு.

'விர்ர்ர்ர்...'

உருளைகள் சுற்றின.

மெயின் சுவிட்சைப் பார்த்தேன். கீழேதான் இருந்தது.

'பீப்.'

அந்தப் பக்க மேஜையில் 'தப்' என்று ஏதோ விழுந்தது. கனமான தோல் விழுகிற சத்தம். மேஜையில் ஒன்றும் இல்லை.

திரையில் நம்பர்: 7.75.

ஆட்டுத்தோல் நாலு, ஐந்து, மிஞ்சினால் ஆறு வரும். ஏழேமுக்கால் ஆடு இந்த ஜில்லாவில் இல்லை.

'சளக்... சளக்... சளக்...'

கம்பூட்ஸ், அந்தப் பக்க மேஜையிலிருந்து நடந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்தது. என் பிடரியில் காற்று பட்டது. என்னைக் கடந்து, தோல் வைக்கிற பக்கம் போய் நின்றது.

'விர்ர்ர்... பீப்... தப்.'

7.75.

மறுபடி நடை. மறுபடி என் பின்னால். இந்தத் தடவை வேகமாக.

'பீப்... தப்.'

7.75.

திரும்பிப் பார்க்கவில்லை. என் கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் கேட் பூட்டியிருக்கிறது. கத்தலாம் என்றால் ஊரே தொழுகையில் இருக்கிறது.

7.75.

நடை வேகமாகிக்கொண்டே போனது. பொறுமை போனவன் நடை.

7.75.

அடுத்த தடவை, கம்பூட்ஸ் என் பின்னால் வந்து... நின்றுவிட்டது.

போகவில்லை.

ஈரத்தோல் வாசனை. என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு. எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. நான் என்னவோ செய்ய வேண்டும். செய்கிறவரை இது போகாது.

கர்சர் துடித்தது.

கட்டத்தில் இருந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தேன். எதற்கு என்று தெரியாது. எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான்.

கம்பூட்ஸ் நகர்ந்தது.

'பீப்... தப்.'

7.50.

மறுபடி வந்தது. நின்றது.

இன்னும் குறைத்தேன்.

'விர்ர்ர்...'

'பீப்.'

'தப்.'

7.25.

நடை வரவில்லை.

காத்திருந்தேன். உருளைகள் மெதுவாகி நின்றன. ஏதோ தோலை உதறுகிற சத்தம். பிறகு கம்பூட்ஸ், இந்தத் தடவை நிதானமாக, என் பக்கம் வராமல், தொழிலாளிகள் டீ குடிக்கிற மூலைக்குப் போனது.

அங்கே நின்றது.

அவ்வளவுதான்.

மஹபூப் பாஷா பூட்டைத் திறந்தபோது மணி இரண்டேகால். என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். திரையில் தேதி இன்றைய தேதியாக இருந்தது.

சனிக்கிழமை நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று மனசு கேட்கவில்லை. கூட்டமாக இருக்கும், பயமில்லை என்ற கணக்கும் உண்டு. வந்த ஆள் தன் அளவோடு வைத்துத் தோல் தோலாகப் பார்த்தார். ஒன்றில்கூடக் கால் அடி வித்தியாசம் இல்லை. முனீர் அகமது தன் டீயைப் பூரணியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, கையில் பிடித்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். குடிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"இன்னா சார் பண்ணீங்க?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன். ஜோக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். ஏழேமுக்கால், ஏழரை, கடைசியில் ஏழேகால்.

அவள் முகம் மாறியது.

"ஏழேகாலா?"

அளவைச் சரி பார்க்க மிஷினோடு கொடுத்த தகடு முதல் வருஷமே உடைந்துபோயிற்றாம். அதற்குப் பதிலாக நந்தகோபால், தன் தோல் ஏப்ரனை மெட்ராஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சரியாக அளந்துகொண்டு வந்தாராம். தினமும் காலையில் மிஷினில் முதலில் போவது அதுதான்.

"ஏழேகால் காட்டுற வரைக்கும் போட்டுக்கினே இருப்பாரு சார். ஏழேகால் காட்டினாத்தான் போய் டீ குடிப்பாரு. நான் அத சும்மா ஒரு ராசின்னு நெனச்சிட்டேன். புதுப் பட்ட மாட்டினப்பகூட அளவ யாரும் சரி பாக்கல."

டீ குடிக்கிற மூலையை நான் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, அந்த ஏப்ரனை வீட்டிலிருந்து கொண்டுவந்து மிஷின் பக்கத்திலேயே மாட்டி வைத்துவிடு, இனிமேல் அதில் வைத்தே அளவைச் சரி பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பூரணி தலையசைத்தாள், இல்லை என்று.

"பெரியவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. அம்மா கேக்கல. அப்பாவுக்குக் கட்டிவிட்டுத்தான் அனுப்பினோம்." டீயை மிஷின் ஓரத்தில் வைத்தாள். "பாலாத்துல அவரோடயே எரிஞ்சிடுச்சு சார்."