அழித்த பிறகும் தேடும் கணினி

திருச்சுழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வி காலையில் போனில் அழுதார். "சார், பட்டா எடுக்க ஆளுக நிக்கிறாக. கம்ப்யூட்டரு நெட்டுக்குப் போகாம அவுக போனையே தேடுது."

'அவுக' என்பது போன மாதம் இறந்த அவர் கணவர். அவர் பெயரில் இருந்த போன் ஹாட்ஸ்பாட் இணைப்பைக் கடைக் கணினியிலிருந்து அழித்துக் கொடுத்த மெக்கானிக் நான். சரியாக அழிக்கவில்லையோ என்ற பயத்துடனேயே பஸ் ஏறினேன்.

நெட்வொர்க் அமைப்புக்கான மென்பொருளின் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தவறு புதிய பதிப்பில். அழித்த இணைப்புகளை அது திரும்பக் கொண்டுவருகிறது.

பழையதைப் போட்டதும் நெட் வந்தது. செல்வி திரையையே பார்த்தார்.

"இனிமே அவுக பேரு வராதா சார்?"

"வராதும்மா."

பிழையைப் பற்றி அந்த மென்பொருள்காரர்களுக்கு விவரமாக எழுதிவிட்டேன். அதைத் திருத்திவிட்டால் யார் பெயரும் இப்படித் திரும்பி வராது. அனுப்பத்தான் கை வரவில்லை. நீங்கள் என்றால் அனுப்புவீர்களா?