அம்மா தலையில் போட்ட வேரழுகல்

எங்கள் ஊர் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் இன்றைக்கும் நான் செருப்புப் போட்டு நடக்க மாட்டேன். வெற்றிலை மகாலட்சுமி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். ஆனால் சாமி பேரைச் சொல்லி என் அம்மாவுக்குச் செய்ததை நினைத்தால் மட்டும் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் கொடிக்காலில் ஒரு வரிசை முழுக்கத் திடீரென்று வாடித் தொங்கியது. பிடுங்கினால் வேர் கறுத்து, அழுகின மீன் மாதிரி நாறியது. பெரியப்பா ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"தம்பி, உன் பொண்டாட்டி தீட்டோட உள்ள போயிருக்கா. இல்லேன்னா எப்படிடா இம்புட்டுக் கொடி சாகும்?"

அம்மா அந்த மூன்று நாளும் பின்கட்டைத் தாண்டியதில்லை. அது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கொடிக்காலுக்குள் இடமில்லை. தினமும் அவள் கை கிள்ளி அடுக்கிய வெற்றிலை!

வேலிக்கு வெளியே பிடுங்கி எறிந்திருந்த கொடி ஒன்றை அம்மா எடுத்தாள். வேரைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாழையிலையில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினாள். தல்லாகுளம் பக்கம் பயிர் நோய் பார்க்கிற ஆபீஸ் ஒன்று இருந்தது. அங்கிருந்த சார் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, சாமிக்குப் படைக்கவா கொண்டாந்தீங்க? கழுவுனா நோயும்ல போயிரும். மண்ணோட கொண்டாங்க."

மறுநாள் வேலிக்கு வெளியே கிடந்த இன்னொரு கொடியை மண்ணோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் போனபோது, கண்ணாடித் தட்டில் வேர்த்துண்டைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"பூஞ்சைம்மா. கடுகு மாதிரி மணி கட்டுற பூஞ்சை ஒண்ணு இருக்கு, இது அது இல்ல. இது தண்ணில நீந்தி வர்ற வகை. வாய்க்கால்ல வந்திருக்கும். மண்ணு ஒட்டுன கால்லயும் வரும்."

"யாரு கால்ல, சார்?"

"யாரு கால்னா? ஆம்பள, பொம்பள, ஆடு, மாடு, எது கால்லனாலும்தான்."

"வேற ஒண்ணும் இல்லையே சார் இதுல?"

"வேற என்னம்மா வேணும்? கொடியக் கொல்ல இது போதாதா?"

அம்மா அதையெல்லாம், அதற்கான மருந்தையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கோ கோபம். கொடி சாகும் என்று சார் சொல்கிறார், இவள் சிரிக்கிறாளே!

வீட்டில் பெரியப்பா தாளை வாங்கிப் படித்தார். அதில் இருந்தபடி மருந்து கலக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கிவர ஆள் அனுப்பினார். தாளை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

"பெரியப்பா, கொடி சாகும்னு சார் சொன்னதுக்கு அம்மா பஸ்ஸு பூரா சிரிச்சுச்சு."

பிடித்துக்கொண்டார். "பாத்தியாடா தம்பி? குடி கெடுறதுல அம்புட்டுச் சந்தோஷம் உன் பொண்டாட்டிக்கு!"

மருந்தில் மிச்சக் கொடி பிழைத்தது. அம்மாவைத்தான் விடவில்லை. மாரியம்மன் கோயிலில் ஈரச்சேலையோடு அடிப்பிரதட்சிணம் செய்தால்தான் கொடிக்காலுக்குள் விடுவேன் என்றார் பெரியப்பா. எந்தத் தப்புக்கு? ஆத்தாளும் பெண்தானே, அவளா கேட்டாள்? அப்பா அப்போதும் தலையைத்தான் சொறிந்தார்.

அம்மா செய்தாள். நான் பின்னாலேயே நடந்தேன். சன்னதிக்கு நேராக வரும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதனால், நான் பெரியப்பாவிடம் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.