கார்த்திகைக்கு டச்சிங்

வானத்தைப் படம் பிடிக்கும் பைத்தியம் எனக்காக வந்ததல்ல, பெண்டாட்டிக்காகப் பிடித்துக்கொண்டது. ஐம்பதுகளின் கடைசியில், புதுக்கோட்டை ஊர் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில், ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்கு ஆலங்குடி தபாலாபீஸில் வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு.

ஒரு மார்கழிச் சாயங்காலம் கொல்லையில் துணி எடுக்கப் போனவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கார்த்திகை இப்பல்லாம் ஒரே புகையாத் தெரியுதுங்க" என்றாள். கார்த்திகை அவள் பிறந்த நட்சத்திரம். கறம்பக்குடிப் பக்கம் கடலைக் கொல்லையில் நின்று, அந்தக் கொத்தில் இருக்கும் ஆறையும் விரல் விட்டு எண்ணி வளர்ந்தவள். நான் என்ன சொன்னேன்? "கண்ணைத் தொடச்சுட்டுப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். இன்றைக்கும் அந்த வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மதுரையில் கண் டாக்டர் பார்த்தார். உள்ளே நரம்பு வாடிக்கொண்டு வருகிறதாம். கண்ணாடிக்கும் மருந்துக்கும் அடங்காதாம். ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றார். நல்ல வெளிச்சத்தில் மூக்கருகே வைத்தால் பேப்பரின் பெரிய எழுத்து அவளுக்கு அப்போது தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அழவில்லை. "அந்த ஆறையும் இன்னொரு தரம் தனித்தனியாப் பாத்துட்டாப் போதுங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், பாவி.

வானத்தை அவள் மூக்கருகே கொண்டுவர எனக்குத் தெரிந்த ஒரே வழி போட்டோ. மலாயாவிலிருந்து வந்த மச்சினன் விட்டுப்போன மடக்கு கேமரா பெட்டியில் கிடந்தது. ஒரு காதுகுத்துகூட நான் அதில் எடுத்ததில்லை. துவைக்கிற கல்லில் சாக்கை மடித்துப் போட்டுக் கேமராவை மல்லாக்கப் படுக்க வைத்தேன். பத்து நிமிஷம் திறந்து வைத்தேன். அதற்குள் நட்சத்திரம் நகர்ந்துவிடும் என்று எனக்கென்ன தெரியும்! ஆலங்குடியில் கழுவி வாங்கிய படத்தில் எல்லாம் கோடு கோடாக இருந்தது. அவள் வாங்கிப் பார்த்து, "மழையா பேயுது?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த ரோல் போடுவதற்குள் பின்சந்தில் விளக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள், நாசமாய்ப் போக. படம் முழுக்கச் சாம்பல். அதற்கப்புறம் அவள் குடையை விரித்து அந்த வெளிச்சத்தை மறைத்தாள். நான் கேமராவைத் திறந்ததும் அவள் இருபது வரைக்கும் எண்ணுவாள், எண்ணி முடித்ததும் மூடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "வானத்துல யாருக்கு சார் கல்யாணம்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ எண்ணிக்கையை விடாமல் "பதினொண்ணு, பன்னெண்டு" என்று போய்க்கொண்டிருந்தாள்.

பங்குனி முடிந்தால் கார்த்திகை மேற்கே சரிந்து சாயங்கால வெளிச்சத்தில் கரைந்துவிடும். அடுத்த வருஷம் வரை அவள் கண் காத்திருக்காது. பங்குனிக் கடைசியில் எடுத்த ரோலைத் தூக்கிக்கொண்டு, பெரிய படம் போடும் கடைவீதி ஸ்டுடியோவுக்கு முதல் தடவையாக ஓடினேன். அந்த ஸ்டுடியோக்காரர் டச்சிங்கில் கெட்டிக்காரர். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் அம்மைத் தழும்பெல்லாம் அவர் கை பட்டால் மறைந்துவிடும். நட்சத்திரம் எடுத்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சிரிப்பார்கள். "கறுப்பாத்தான் இருக்கும். நல்லா விழுந்ததைப் பெருசாப் போடுங்க. பாத்துச் செஞ்சு குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாக் கடையிலும் எல்லாரும் சொல்கிற பேச்சுத்தானே அது!

ஒரு வாரம் கழித்துப் படத்தைக் கையில் கொடுத்தார். காலண்டர் அட்டை அளவுக்குப் பெரிய படம். சுத்தமான கறுப்பு.

"மத்ததெல்லாம் மேகமும் ஆட்டமும் சார். ஒண்ணுதான் தேறுச்சு. அதுலயும் நடுவுல ஆறேழு வெள்ளைப் பொட்டு, கொத்தா விழுந்து அசிங்கமா இருந்துச்சு. நீங்க பாத்துச் செய்யச் சொன்னீங்கள்ல? நெகடிவ்லயே கத்தியால சொரண்டி எடுத்துட்டேன். இனிமே எத்தனை காப்பி போட்டாலும் பொட்டு வராது."

அவரை ஓங்கி அறையத் தோன்றியது. யாரை அறைவது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும் காரியம். கவரை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். அடுத்த ரோலுக்கு வானத்தில் கார்த்திகை இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வாசலிலேயே அவள் கையை நீட்டினாள். "வந்துருச்சாங்க?" விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கவரைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். படத்தை உருவி மூக்கருகே பிடித்தாள். பிறகு விரலை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நிதானமாக ஆறு வரைக்கும் எண்ணினாள். "தெரியுதுங்க" என்றாள்.

எங்கள் கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி பார்க்கச் சொன்னபோது, ஒன்றும் இல்லாத வானத்தைப் பார்த்து இதே குரலில்தான் "தெரியுது" என்றாள். பந்தியில் உட்கார்ந்தபோது, "ஒனக்கு நெசமாவே தெரிஞ்சுச்சா?" என்று கேட்டதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனசு நோகக்கூடாதென்று இப்போதும் அப்படித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பக்கத்தில் போய் நின்றபோதுதான் கவனித்தேன். கறுப்புப் பக்கம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. அவள் எண்ணியது படத்தின் வெள்ளை முதுகை. டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தில் இன்னும் பாதிகூட ஆகவில்லை. எத்தனை நாளாக என்னிடம் மறைத்தாளோ, குடை பிடித்து எண்ணிய நாட்களிலும் அப்படித்தானோ, நான் கேட்கவில்லை.

"ஆறும் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு. ஆறும் இருக்கு" என்றேன்.