பிரின்சிபால் வீட்டுக் காகிதங்கள்

சென்னம்மாளுக்கு அன்றைக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கல்லூரியின் முதல் பிரின்சிபால் நஞ்சப்பனுக்கு வாக்கப்பட்டு முப்பது வருசம் குப்பை கொட்டியவள்தான். அவர் காலமாகி ஆறு மாதத்தில் கல்லூரி நூலகர் நல்லூரில் இருந்த அவள் வீட்டுக்கு வந்து, அவருடைய காகிதப் பெட்டியைத் திறந்து, "கல்லூரிக் காகிதம் இந்தப் பக்கம், சொந்தக் காகிதம் அந்தப் பக்கம். சொந்தமானது உங்களுக்கு, மத்தது நூலகத்துக்கு" என்று பிரிக்க உட்கார்ந்துவிட்டார். போய்ச் சேர்ந்த அந்த மனுசனுக்கு அப்படி ரெண்டு பக்கம் எங்கே இருந்தது? சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அட்மிஷன் பேச்சுத்தான்.

இருந்தாலும் அவளுக்கு ஓர் ஆசை. மகன் வெள்ளியங்கிரி அதே கல்லூரியில் படித்தபோது ஸ்ட்ரைக்கில் சேர்ந்தான். அப்பனே அவனை நீக்கிவிட்டார். கோபித்துக்கொண்டு பம்பாய் போனவன், கொள்ளி வைக்க வந்தான், வைத்துவிட்டு அம்மாவிடம்கூட வாய் திறக்காமல் ரயிலேறினான். அவனைப் பற்றிப் பாசமாக ஒரு வரியாவது எழுதி வைத்திருக்க மாட்டாரா, அதை அனுப்பினால் பிள்ளை திரும்பி வருவானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சொந்தக் காகிதங்கள் மளமளவென்று சேர்ந்தன. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எல்லாம் அவர் எழுதி அனுப்பிய கடிதங்களின் நகல்கள். ஒன்றை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு, பெண்ணின் படிப்பை நிறுத்திவிடாதீங்க...' அடுத்தது 'மச்சானுக்கு'. அதற்கடுத்தது 'மாமாவுக்கு'.

"ஏனுங்க, இவங்க ஆரும் எங்களுக்கு ஒறவில்லீங்களே?"

நூலகர் தஞ்சாவூர்க்காரர். "மாமான்னுதானேம்மா எழுதியிருக்கார்?"

"எங்க பக்கம் பழகினவங்களை அப்படித்தானுங்க கூப்புடறது. இவரு பனியன் கம்பெனிக்காரருங்க. இவரு ஊத்துக்குளி நெய் யாவாரி. புள்ளைங்களைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி எழுதினதுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கல்லூரிப் பக்கம் மாற்றினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. ஊரான் பிள்ளைக்கெல்லாம் இத்தனை பிரியமாக எழுதத் தெரிந்திருக்கிறதே இந்த மனுசனுக்கு!

"இதுல சந்தேகமே இல்லை, கல்லூரிதான்" என்று ஒரு கார்பன் பிரதியை எடுத்தார் நூலகர். டைப் அடித்தது. 'திரு. ந. வெள்ளியங்கிரி அவர்களுக்கு, தாங்கள் இன்று முதல் கல்லூரியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.'

"இது எம்பையனுக்குங்க" என்றாள்.

நூலகருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அப்போ... சொந்தத்துல வைக்கட்டுமாம்மா?"

அவள் காகிதத்தை வாங்கினாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கல்லூரிப் பக்கமே வைத்தாள்.

"இது பிரின்சிபால் எழுதினதுங்க. அவங்கப்பன் எழுதினது கெடைச்சாச் சொல்லுங்க."

கிடைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பெட்டி காலியாகி, காகிதமெல்லாம் வண்டியேறியது. சென்னம்மாள் அழுதாள், ஆத்திரமும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஓர் இன்லேண்டு கடிதம் வாங்கி வந்து, ஆயுசில் முதல் தடவையாகத் தன் கையாலேயே எழுதினாள்.

'கண்ணு, அப்பா உனக்கு ஒண்ணும் எழுதி வைக்கலை. அம்மா எழுதறேன். ஊட்டுக்கு வா.'