துசிடிடீஸைத் தேய்த்தவள்

எவந்தியா எங்கள் தீவு நூலகத்தைப் பத்தொன்பது வருடம் பெருக்கித் துடைத்தாள். கணவன் கப்பலில் சமையல்காரன். ஒரு குளிர்காலத்தில் போனவன் திரும்பவில்லை. வாசிப்பறை நடுவில் நிற்கும், பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் பச்சை நிற வெண்கலச் சிலையை அவள் ‘கிழவர்’ என்பாள். ஏதோ போரைப் பற்றி எழுதியவர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் இங்கே பெண்கள் தேவாலயத்து விளக்குகளை எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். பச்சை படிந்த விளக்கோடு ஈஸ்டர் வந்தால் தெருவுக்கே அவமானம். அந்த வருடம் விளக்குகளை முடித்த கையோடு எவந்தியா நூலகத்துக்கும் வந்திருக்கிறாள். விடுமுறையில் சாவி அவளிடமும் இருக்கும்.

விடுமுறை முடிந்து வாசிப்பறைக் கதவைத் திறந்த நூலக உதவியாளரான நான் அப்படியே நின்றுவிட்டேன். கிழவர் புதுக் காபிக் கெண்டிபோல் பளபளத்தார்.

“நாப்பது எலுமிச்சை ஆச்சு,” என்றாள் துடைப்பத்தோடு நின்ற எவந்தியா. “இத்தன வருஷ அழுக்கு. உங்க யாருக்கும் கண்ணே இல்லியா?”

என் பின்னால் வந்த நூலகர் ஸ்மாரோ நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அது அழுக்கு இல்ல, எவந்தியா. சிற்பி மருந்து பூசி, நெருப்பு காட்டி ஏத்துன நிறம்.”

“பச்சைய யாராவது வேணும்னு ஏத்துவாங்களா?” எவந்தியா சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் கை ஏப்ரன் நுனியைப் பற்றிக்கொண்டது.

“ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கும்மா. இப்ப வெளிய அனுப்பினா பென்ஷன் போயிடும்.”

“சிற்பி கரவியாஸ் என்ன சொல்றார்னு பாப்போம்,” என்றாள் ஸ்மாரோ. “ அவர் வழக்குன்னு சொன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

கரவியாஸ் மறுநாள் கப்பலில் வந்தார். கோபமாகத்தான் உள்ளே நுழைந்தார். சிலையின் மார்பைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. செம்பொன் நிற உலோகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிர் மஞ்சளாய் ஓர் ஒட்டு. நேற்றைய பளபளப்பில் எனக்கு அது தெரியவில்லை. ஒட்டே இல்லாத ஒரே வார்ப்பு என்று திறப்பு விழாவில் அவர் சொன்னதை ஊர் இன்றும் பெருமையாகச் சொல்கிறது.

“இத யாரெல்லாம் பாத்தாங்க?”

“நாங்க மூணு பேர்தான். வழக்குப் போடறதா இருந்தா...” என்றாள் ஸ்மாரோ.

“வழக்கெல்லாம் வேண்டாம். அறையப் பூட்டுங்க. நானே மறுபடி நிறம் ஏத்திடறேன், சும்மாவே. அந்தம்மா பேர்ல ஒரு வரிகூட எழுதாதீங்க.”

எவந்தியா ஒட்டின்மேல் விரல் வைத்தாள்.

“நானும் தேச்சுத் தேச்சுப் பாத்தேன் ஐயா. இது மட்டும் சேரவே இல்ல. ஊத்தும்போது ஓட்டை விழுந்துடுச்சா?”

கரவியாஸ் ஆமென்று தலையசைத்தார்.

பதினான்கு மாதம் கழித்து அவள் பென்ஷனோடு போனாள். அதுவரை, மறுபடி பச்சையேறிய கிழவர்மேல் படிந்த தூசியை அவளிடம் விடாமல் நான்தான் தட்டினேன்.