‘கீப்’ என்ற வார்த்தையும் ஹபீப் பாயும்

ஹபீப் பாய் போய்விட்டார்.

காலையில் திருத்துறைப்பூண்டியிலிருந்து போன். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். நன்னிலத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் முகம் பார்த்துவிட்டேன்... இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. வளைகுடாவில் ஒரு துருக்கிக் கட்டுமானக் கம்பெனியில் நான் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது அவர் டைம் ஆபீஸ் கிளார்க். எங்கள் கேம்ப்பில் தமிழ், இங்கிலீஷ், துருக்கி மூன்றும் தெரிந்த ஒரே ஆள்.

ஃபோர்மேன் துருக்கியில் கத்துவான், நாங்கள் பேய் முழி முழிப்போம். அதற்காகவே பாய் ஒரு நோட்டில் இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி, எதிரே துருக்கியைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

கேட்டால் சட்டென்று சொல்ல மாட்டார். “யாரு, எதை, எங்க? செஞ்சு காட்டுங்க தம்பி” என்பார். மூட்டை தூக்குவதற்கு ஒரு வார்த்தை வேண்டுமென்றால் மூட்டையைத் தூக்கித்தான் காட்ட வேண்டும். எரிச்சலாக வரும்.

ஒரு நாள் ‘கீப்’ என்பதற்குத் துருக்கியில் என்ன என்று கேட்டேன்.

“கையில புடிச்சுக்கிட்டா துத்மாக். பத்திரமா எடுத்து வச்சா சக்லமாக். காவல் காத்தா கொருமாக். ஆடு மாடு வளத்தா பெஸ்லெமெக். உங்களுக்கு எதுங்க வேணும்?”

“உயிரை வாங்காதீங்க பாய். ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் என் வேலைய வச்சிருக்கச் சொல்லணும். அதுக்கு ஒண்ணு சொல்லுங்க.”

அவர் நோட்டை மூடிவிட்டு, “ஊர்ல என்ன?” என்றார்.

ஊரில் அப்பா வரப்பில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். எங்களுக்கு இருந்தது ஒன்பது மா குத்தகை நிலம், மூன்று ஏக்கர், அவ்வளவுதான். அந்த சம்பாவில் நாங்கள் நடவு செய்யாவிட்டால் ‘விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்’ என்று சொல்லிப் பண்ணையார் தன் ஆட்களை இறக்கிவிடுவார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அடுத்த நாளே அந்தக் கட்சித் துண்டைப் போட்டுக்கொள்கிற மனுஷன் அவர். கிராமக் கணக்கில், அந்த அடங்கலில், சாகுபடி செய்கிறவர் பெயர் மாறிவிட்டால் அப்புறம் நாங்கள் யாரிடம் போய் நிற்பது...

நான் எழுதி வைத்திருந்த லீவ் லெட்டரைக் காட்டினேன். மூன்று பக்கம். எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே லெட்டர் தாசில்தாருக்குப் போடும் மனுதான். அதனால் சர்வே நம்பர், நான்கு எல்லை, வாய்க்கால் பாசனம் எல்லாம் எழுதி, ‘சமூகம் கருணை கூர்ந்து’ என்று முடித்திருந்தேன். அதையே ஒரு பையனை வைத்து இங்கிலீஷிலும் மாற்றியிருந்தேன்.

பாய் ஒரு வரி விடாமல் படித்தார். “தாசில்தார்ங்கிற சொல்லு துருக்கியிலயும் இருக்கு தம்பி. மேனேஜருக்கு அது ஒண்ணுதான் புரியும். நீங்க வெளிய நில்லுங்க, நான் பேசிக்கிறேன்.”

உள்ளே அரை மணி நேரம். ‘கீப்’புக்கு இருந்த அந்த நான்கு வார்த்தையில் எதைச் சொன்னாரோ தெரியாது.

எங்கள் கேம்ப்பில் ஒரு வழக்கம். அவசர லீவில் போகிறவனுக்கு இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போனவன் திரும்பும்வரை கையெழுத்துப் போட்டவருக்கு லீவு கிடையாது. பாய்தான் போட்டார்.

“நாப்பது நாள். கிளம்புங்க.”

நான் நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினேன்.

வேண்டுமென்று இல்லை. நட்ட நாற்றைப் பண்ணையார் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போட்டார்கள். மறுபடி நாற்று வாங்கி, மறுபடி நட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து... அடங்கலில் அப்பா பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன். இரண்டு லெட்டர் போட்டேன் பாய்க்கு. ‘இருந்து முடித்துவிட்டு வாருங்கள்’ என்று பதில் வந்தது. வேலையும் அப்படியே இருந்தது.

போய் நின்றதும் அவர் கேட்டது ஒன்றுதான். “பேரு ஏறுச்சா?”

“ஏறிருச்சு பாய்.”

“போய்க் குளிச்சிட்டுச் சாப்பிடுங்க. முகமே சரியில்ல.”

இன்றைக்கு அவர் வீட்டு வாசலில் அவருடைய மூத்த மகளைப் பார்த்தேன். அத்தாவை எப்படித் தெரியும் என்று கேட்டார். கேம்ப் பெயரைச் சொன்னேன்.

“அந்தக் கேம்ப்பா... என் நிக்காஹ்வுக்கு அத்தா வரலண்ணே. கம்பெனில விடலன்னு எழுதிட்டாங்க. அத்தா இடத்துல பெரியத்தாதான் வலியா நின்னு முடிச்சு வச்சாங்க.”

எப்போது என்று கேட்டேன். சொன்னார்.

நான் இரண்டாவது முறை நாற்று நட்ட மாதம்.

மறைக்க மனசு வரவில்லை. அப்படியே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்பது மாவிலிருந்து ஜாமீன் வரைக்கும்.

“இதை அத்தா அப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு வருஷம் அவங்க மேல கோவமா இருந்திருக்க மாட்டேனே” என்றார். அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

பாய், ஒரு நிக்காஹ் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். அது தெரிந்துதான் எழுதாமல் விட்டீர்களோ...

மகளுடைய கோபம் முழுவதும் என் மேல் வந்திருக்க வேண்டியது பாய். மன்னிச்சுக்குங்க. போயிட்டு வாங்க.